சாயத்தின் சரித்திரம் – 14: இயோசினின் இரண்டு வேலைகள்

கோலார் தங்கவயலில் பாலகாட்டுப் பக்கம் போய் வழி கேட்டால், பதிலில் எப்படியும் ஒரு சயனைடு மேடு வந்துவிடும். மேட்டுக்கு இந்தப் பக்கம், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்றுதான் அங்கே திசை சொல்வார்கள். பாறையை மாவாக அரைத்து, தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு கொட்டிய சக்கை அது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று ஐந்து சுரங்கங்கள் நூறாண்டுக்கு மேல் கொட்டிக் கொட்டி எழுப்பிய சாம்பல் நிறக் குன்றுகள். 2001 பிப்ரவரி 28இல் தங்கவயலின் சுரங்க வேலை முழுவதுமாக நின்றது. குன்றுகள் நிற்கின்றன.

சாயத்தைப் பற்றிய தொடரில் சயனைடுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சென்ற வாரம் அலிசரினையும் அவுரியையும் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய ஜெர்மானியர்களோடு நிறுத்தியிருந்தோம். அதே காலத்தில், அதே கூட்டத்தில் ஒருவர் செய்த இளஞ்சிவப்புச் சாயம் ஒன்றுதான் இந்த வாரக் கதாநாயகன். அது உயிருள்ள செல்லைக் கொல்லவும் செய்தது. நூறாண்டு கழித்து அதே செல்லுக்குச் சட்டை தைத்துப் போடவும் செய்தது. இரண்டு வேலைக்கும் நடுவே நின்று இப்படியா அப்படியா என்று தீர்ப்புச் சொன்னது ஆக்சிஜன். அந்தக் கதையைப் பாலகாட்டில் தொடங்கினால் பாதி பாடம் முதலிலேயே முடிந்துவிடும்.

இரண்டு தொட்டிகள்

கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை இதுதான்: அரைத்த பாறையைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் மட்டும் கரைசலுக்குள் போய்விடும். ஆனால் சயனைடு மட்டும் இருந்தால் போதாது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் தங்கம் கரையாது. எல்ஸ்னர் என்ற ஜெர்மானியர் 1846இலேயே இதைக் கண்டு சொல்லியிருந்தார். ஆகவே ஊறல் தொட்டிக்குள் காற்றை ஊத வேண்டும்.

அடுத்த கட்டம் நேர்மாறு. கரைந்த தங்கத்தை மீண்டும் திடமாக்கத் துத்தநாகத் தூளைப் போடுவார்கள். அப்போது கரைசலில் ஆக்சிஜன் இருந்தால் துத்தநாகம் வீணாகும். படிந்த தங்கமும் திரும்பக் கரையப் பார்க்கும். அதனால் இருபதாம் நூற்றாண்டின் ஆலைகளில், துத்தநாகம் போடும் முன் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும் பழக்கம் வந்தது. முதல் தொட்டியில் விருந்தாளி, இரண்டாம் தொட்டியில் வேண்டாதவன். ஆக்சிஜனின் இந்த இரட்டை நிலையை மனதில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போவோம்.

விடியலின் பெயர்

அடால்ஃப் பேயர் 1871இல் ஃப்ளோரசீன் என்ற பொருளைச் செய்தார். மஞ்சளும் பச்சையுமாய் மினுங்கும். அழகு உண்டு, ஆனால் துணியில் சாயமாக நிற்கவில்லை. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் இருந்த ஹைன்ரிக் காரோ அதனோடு நான்கு புரோமின் அணுக்களைச் சேர்த்தார். மஞ்சள் போய்ப் பட்டில் இளஞ்சிவப்பாகச் சுடர்விடும் சாயம் ஒன்று வந்தது. 1874இல் அது சந்தைக்கு வந்தபோது அதன் பெயர் இயோசின். கிரேக்கர்களின் விடியல் தேவதை இயோஸ். காரோவின் இளவயதுத் தோழி ஒருவருக்கும் அதுவே செல்லப் பெயர்.

இயோசினை நமக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். சிவப்பு மையிலும் உதட்டுச் சாயத்திலும் அது இருந்தது. முழங்கால் சிராய்ப்புக்குப் பஞ்சில் தொட்டு வைத்த 'சிவப்பு மருந்து', மெர்க்குரோக்ரோம், இயோசினின் உடன்பிறப்பு. அதே ஃப்ளோரசீன் உடம்பில் புரோமினோடு பாதரசமும் சேர்ந்தது. மருத்துவக் கல்லூரிக்குள் போனால் இயோசின் இல்லாத நாளே கிடையாது. உடல் திசுவை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, செல்லின் கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரிகிறதே, அந்த இளஞ்சிவப்பு இயோசின்தான். இரத்தத்தில் இந்தச் சாயத்தை விரும்பி உறிஞ்சும் வெள்ளணு ஒன்றை 1879இல் பால் எர்லிக் கண்டார். 'இயோசினோஃபில் கூடியிருக்கிறது' என்று இன்று லேப் ரிப்போர்ட்டில் வருவது அந்த அணுதான்.

தங்கவயலின் சொந்த நோயையும் இந்த நிறத்தில்தான் உலகெங்கும் மருத்துவர்கள் படித்தார்கள். சிலிக்கோசிஸ்: பாறைத் தூள் நுரையீரலில் படிந்து வரும் நோய். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து ஷாஃப்டுக்குள் இறங்கிய தலைமுறைகளின் மூச்சைத் தின்ற நோய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக ஆய்வேட்டில் பதிவானதும் கோலார் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான், ஆண்டு 1947. நுரையீரலுக்குள் வந்த தூசியை விழுங்கித் துப்புரவு செய்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. குவார்ட்ஸ் தூளை விழுங்கினால் அது செல்லுக்குள்ளேயே உள்பையைக் கிழித்துவிடும். செல் சாகும், தூள் வெளியே வரும், அடுத்த செல் அதே தூளை விழுங்கும். இப்படிச் செத்த இடமெல்லாம் தழும்பு கட்டும். சாயம் ஏற்றிய சீவலில் அந்தத் தழும்பு வெங்காயத்தை நறுக்கியதுபோல் வட்டம் வட்டமாகத் தெரியும்.

இந்தச் செல்லுக்கு ஒரு கவசம் போட முடியாதா என்ற கேள்வியை 1960 வாக்கில் டூசல்டார்ஃபில் ஷ்லிப்கோட்டர் என்பவர் எடுத்தார். அவர் கண்ட வழி வேறு. செல்லை விட்டுவிட்டுத் தூளின் மேல் ஒரு பாலிமரை ஒட்டவைத்தார். குவார்ட்ஸின் கூர் மழுங்கியது. சோதனை விலங்குகளில் தழும்பு குறைந்தது. மேற்கு நாடுகளில் அது மருந்தாக நிலைக்கவில்லை. ஆனாலும் உறையை எதன் மேல் போடுவது, எதிரியின் மேலா நம் ஆளின் மேலா என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

இடி மின்னல் நாளில் ஒரு குழப்பம்

நாம் இயோசினிடம் திரும்புவோம். 1897-98 குளிர்காலத்தில், மியூனிக்கில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் வேலை பார்த்தார். அக்ரிடின் என்ற சாயம் எவ்வளவு நேரத்தில் பரமீசியம் என்னும் ஒரு செல் உயிரியைக் கொல்கிறது என்று அளப்பதுதான் வேலை. ஒரு நாள் கொன்ற நேரத்துக்கும் இன்னொரு நாள் கொன்ற நேரத்துக்கும் பொருத்தமே இல்லை. சாயத்தின் அளவு ஒன்றுதான், வெப்பமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகுதான் நினைவுக்கு வந்தது: உயிரிகள் நீண்ட நேரம் பிழைத்த நாளில் இடி மின்னலோடு வானம் இருண்டிருந்தது. வெளிச்சம் குறைந்த நாளில் சாயத்தின் நஞ்சும் குறைந்தது. சாயம் தனியாகக் கொல்லவில்லை. ஒளி தனியாகவும் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தால் கொன்றன.

ராபின் கட்டுரை 1900இல் வந்தது. 1903இல் டாப்பைனரும் யெசியோனெக்கும் தோல் புற்றின் மேல் இயோசினைப் பூசி வெளிச்சம் காட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் இன்னொன்றும் தெளிவானது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இந்தக் கொலை நடக்காது.

நடப்பது இதுதான். இயோசின் பச்சை ஒளியை விழுங்குகிறது. பச்சையை எடுத்துக்கொள்வதால்தான் மிச்சம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. விழுங்கிய ஆற்றலோடு கொஞ்ச நேரம் மூலக்கூறு கொதிநிலையில் இருக்கும். பக்கத்தில் ஆக்சிஜன் வந்தால் அந்த ஆற்றலை அதன் தலையில் கட்டிவிட்டுச் சாயம் அமைதியாகிவிடும். வாங்கிக்கொண்ட ஆக்சிஜனோ மூர்க்கமாகிச் செல்லின் சவ்வையும் புரதத்தையும் தாக்கும். சாயம் எதையும் இழப்பதில்லை. மறுபடியும் ஒளி வாங்கலாம், மறுபடியும் கட்டலாம்.

ஆற்றலை வேறொருவர் வாங்கினால்?

அரை நூற்றாண்டு கழித்து, 1954இல், நியூயார்க்கின் புரூக்ளினில் ஜெரால்ட் ஆஸ்டர் அந்த இடத்தில்தான் ஒரு மாற்றம் செய்தார். இயோசின் வகைச் சாயத்தின் பக்கத்தில், எலக்ட்ரானை எளிதாகக் கொடுக்கும் பொருள் ஒன்றை வைத்தார். ஒளி வாங்கிக் கொதித்த சாயம் அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்தது. பறிகொடுத்த பொருளின் வழியே கை நீட்டி அலையும் துணுக்குகள் உருவாயின. சுற்றிலும் அக்ரிலமைடு போன்ற சிறு மூலக்கூறுகள் இருந்தால், அந்தத் துணுக்கு ஒன்றைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், நொடிகளில் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகும். நீராக இருந்தது ஜெல்லாகும். பல் மருத்துவர் நீல ஒளியைக் காட்டிப் பல்லில் வைத்த பசையைக் கல்லாக்குகிறாரே, அது இந்தக் குடும்பத்தின் வேலைதான். அங்கே சாயம் வேறு, ஒளியின் நிறம் வேறு.

இங்கே ஆக்சிஜன் வேண்டாத விருந்தாளி. சங்கிலி நீள்வதற்குள் குறுக்கே புகுந்து கையைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி அங்கேயே அறும். கரைசலில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீரும்வரை ஜெல் கட்டாது. பாலகாட்டின் இரண்டாம் தொட்டி நினைவுக்கு வருகிறதா? ஆனால் இயோசினிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. எலக்ட்ரான் வாங்கி வெளுத்துப்போன இயோசினை ஆக்சிஜனே பழைய நிறத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எதிராளியின் கையாலேயே மீண்டும் மீண்டும் உயிர்பெற்று, மீண்டும் மீண்டும் துணுக்குகளைப் பிறப்பித்து, ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு ஜெல்லைக் கட்டி முடிக்கும். மற்றச் சாயங்கள் தோற்ற இடத்தில், திறந்த காற்றிலேயே இயோசின் வென்றதற்கு இதுவே காரணம் என்று பின்னாளில் எம்.ஐ.டி.யில் ஹாட்லி சைக்ஸின் குழு விளக்கியது.

செல்லுக்குச் சட்டை

அடுத்த காட்சி டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின். கேள்வி சர்க்கரை நோயிலிருந்து வந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சிறு சிறு திட்டுகளாக இருக்கின்றன. இன்னொருவரின் திட்டுகளை நோயாளிக்கு வைத்தால் நோயாளியின் உடம்பே அவற்றை அந்நியன் என்று கொன்றுவிடும். சர்க்கரையும் இன்சுலினும் ஆக்சிஜனும் புகுந்து வரக்கூடிய, ஆனால் தாக்கும் செல்கள் நுழைய முடியாத உறை ஒன்றை அவற்றுக்குப் போட்டால் என்ன? 1980இல் ஃபிராங்க்லின் லிம், ஆன்டனி சன் இருவரும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் திட்டுகளை உருண்டையாக அடைத்து, சர்க்கரை நோய் உள்ள எலிகளில் சுமார் மூன்று வாரம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக் காட்டினார்கள்.

ஆனால் உருண்டை பெரியது. திட்டைச் சுற்றி ஜெல் தடித்திருந்தால் நடுவில் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. ஆழத்தில் காற்று எட்டாத சுரங்க முனை போல, உள்ளே இருப்பவர் மூச்சுத் திணறிச் சாவார். எனவே உறை, தொளதொளக்கும் அங்கியாக இல்லாமல் உடம்போடு ஒட்டிய சட்டையாக இருக்க வேண்டும்.

அந்தத் தையலைச் செய்தவர்கள் ஜெஃப்ரி ஹப்பெல்லும் அவரோடு இருந்த இரண்டு இந்தியர்களும்: சந்திரசேகர் பாடக், டில்லி ஐ.ஐ.டி.யில் படித்துப் போன அமர்ப்ரீத் சாவ்னி. மூவரும் 1992இல் செல்லையும் திசுவையும் தொட்டுக்கொண்டே ஜெல் கட்டும் முறையை வெளியிட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதை இன்னும் நுட்பமாக்கினார்கள்.

அவர்களுடைய யோசனை எளிமையானது. முதலில் திட்டை இயோசினில் நனைத்தார்கள். பிறகு கழுவினார்கள். அதிகப்படியான சாயம் போய்விடும்; செல்லின் மேற்பரப்பில் ஒட்டியது மட்டும் நிற்கும். பிறகு பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலுக்குள் விட்டார்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் அதே சாதுவான பொருள்தான்; அதன் இரண்டு நுனியிலும் கைகோக்கக்கூடிய அக்ரிலேட் கொக்கிகளை மாட்டியிருந்தார்கள். எலக்ட்ரான் கொடுக்க ட்ரைஎத்தனாலமீன். மேலே 514 நானோமீட்டர் பச்சை லேசர். சாயம் இருக்கும் இடத்தில்தான் துணுக்கு பிறக்கும், அங்கேதான் ஜெல் கட்டும். கரைசல் முழுவதும் நீராகவே இருக்க, செல்லின் மேனியில் மட்டும் ஒரு தோல் படர்ந்தது. யாரும் அளவெடுக்கவில்லை, வார்ப்பும் இல்லை. சாயம் எங்கே தொட்டதோ அதுவே அளவு.

கொலைகாரச் சாயத்தை உயிருள்ள செல்லில் தோய்த்து, ஒளியும் காட்டி, செல் சாகாமல் தப்பியது எப்படி? ஒளி காட்டியது சிறிது நேரம். அதற்குள் சாயத்தின் கொதிப்பை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே ஏராளமான அமீன் காத்திருந்தது; ஆக்சிஜனுக்குக் கிடைத்தது மிச்சம்தான். அன்று மியூனிக்கில் நடந்ததும் ஆஸ்டினில் நடந்ததும் தொடக்கத்தில் ஒரே செயல். யார் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள் என்பதில்தான் சாவும் காப்பும் பிரிந்தன.

கணையத் திட்டுகளுக்குப் போட்ட சட்டை ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அன்றாடச் சிகிச்சையாக இன்னும் வரவில்லை. ஆனால் அதே வேதியியல் வேறொரு வாசலில் மருத்துவமனைக்குள் நுழைந்தது. நுரையீரல் அறுவையில் தையலின் வழியே காற்றுக் கசிவது தலைவலி. இயோசின் கலந்த திரவத்தைத் திசுவில் தடவி, மேலே கிளைகால் கரைசலை இட்டு, ஒளி காட்டிக் கசிவை அடைக்கும் ஃபோக்கல்சீல் என்ற பசைக்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஒட்ட வேண்டிய முதல் உறுப்பாக நுரையீரல் அமைந்ததைத் தங்கவயல்காரர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

கண்ணில் நடக்கும் கணக்கு

கொலையும் காப்பும் ஒரே மேசையில் நடப்பதைப் பார்க்கக் கடல் கடக்கத் தேவையில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் மதுரையிலும் கண் மருத்துவமனைகளில் 'சி-3-ஆர்' என்ற சிகிச்சை செய்கிறார்கள். கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸ் நோய்க்கானது. டிரெஸ்டனில் வோலன்சாக், ஸ்போர்ல், சைலர் மூவரும் 2003இல் மனிதர்களில் செய்த முடிவை வெளியிட்டார்கள். சாயம் இங்கே ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. மஞ்சள் நிறத்தில் கண்ணில் சொட்டுவார்கள். பிறகு அரை மணி நேரம் புற ஊதா ஒளி. கருவிழியின் கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் விழும், விழி இறுகும்.

இதில் ஒரு விலையும் உண்டு. கருவிழியின் முன்புறம் சுமார் 300 மைக்ரான் ஆழம் வரை இருக்கும் செல்கள் இந்த ஒளியில் மடிந்துவிடும். சில மாதங்களில் பக்கத்துச் செல்கள் நகர்ந்துவந்து இடத்தை நிரப்பும். ஆனால் விழியின் உள்சுவரில் இருக்கும் செல்கள் செத்தால் திரும்ப வளராது. அதனால்தான் அந்த வழக்கமான முறைக்குக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்று முதலில் அளந்து பார்க்கிறார்கள். மருத்துவர் கையில் இருக்கும் அந்த நூறு மைக்ரான்தான் டாப்பைனருக்கும் ஹப்பெல்லுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு.

தங்கத்தை விட்டுவிட்டு மற்றதைக் கரை

2008 வாக்கில் கொலராடோவில் கிறிஸ்டபர் போமன், ஹாட்லி சைக்ஸ் ஆகியோர் இயோசினுக்கு முகவரி எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் இயோசினை மாட்டினார்கள். அது பயோட்டின் என்ற வைட்டமினைக் கண்டால் விடாமல் பிடிக்கும். பயோட்டின் கட்டிய எதிர்ப்பொருள் ஒன்று தனக்குரிய செல்லை மட்டும் தேடி ஒட்டும். இப்போது கலவையில் இருக்கும் கோடி செல்களில் நாம் குறிவைத்த செல்லில் மட்டும் இயோசின் ஏறும். பச்சை ஒளி காட்டினால் அதற்கு மட்டும் சட்டை.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பிராட் பெரானின் குழு 2015இல் இதைக் கொண்டு செய்ததைப் படித்தபோது எனக்குப் பாலகாட் ஆலைதான் கண்முன் வந்தது. வேண்டிய செல்களுக்கு உறை போட்ட பின், முழுக் கலவையின் மேலும் சோப்பை ஊற்றினார்கள். பற்பசை நுரைப்பதற்குச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்தான் அது. செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைத்துவிடும். உறை இல்லாத செல்களெல்லாம் கரைந்து ஓடின. உறை போட்டவை நின்றன.

ஒரு மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடி சிவப்பணுக்கள். பல லட்சம் வெள்ளணுக்கள். புற்றிலிருந்து கழன்று அலையும் செல் அதில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. அதைத் தேடுவதோடு ஒப்பிட்டால் டன் பாறைக்குச் சில கிராம் தேடியது சுலபமான வேலை. சயனைடு முறை மதிப்புள்ளதைக் கரைத்தது, மதிப்பற்றதைக் குன்றாகக் குவித்தது. இயோசின் முறை மதிப்புள்ளதை மூடிவைத்து, மற்றதைக் கரைத்தது. பிரித்தெடுக்கும் கலையில் இது தலைகீழ்ப் பாடம்.

மேட்டுக்கு ஓர் உறை

தங்கவயலின் 13 சயனைடு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் சக்கை இருக்கிறது. அதில் மிஞ்சிய தங்கத்தை மறுபடி எடுக்க ஏலம் விடலாம் என்று 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. அதுவரை காற்று வீசும் நாளில் அந்தத் தூள் பறந்து பாலகாட்டின் லைன் வீடுகளுக்குள் வருகிறது. பாத்திரத்தில் படிகிறது, மூச்சிலும் போகிறது. ஷாஃப்ட் மூடிய பின் பிறந்த பிள்ளைகளும் அதே சுரங்கத்தின் தூளைத்தான் சுவாசிக்கிறார்கள்.

செல்லுக்குச் சட்டை தைக்கும் இந்தக் கலை ஒருநாள் அவர்கள் நுரையீரலைக் காக்கும் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அது உண்மையாகாது. நுரையீரலின் ஆழத்துக்குப் பச்சை ஒளியைக் கொண்டுபோய் ஒவ்வொரு செல்லாக மூட முடியாது. உறையை எதன் மேல் போடுவது என்ற கேள்விக்குச் சுரங்கம் என்றோ பதில் கண்டுவிட்டது. துளையிடும் முனையில் தண்ணீரைப் பாய்ச்சினால் தூள் எழாது. நீரும் ஓர் உறைதான், தூளின் மேல் போட்ட உறை. சக்கை மேட்டுக்கும் அதே நியாயம்தான். புல்லோ மண்ணோ ஈரமோ, மூடியிருந்தால் பறக்காது. இதற்கு லேசர் வேண்டாம். செலவழிக்கும் மனம்தான் வேண்டும்.

*அடுத்த வாரம்: அதே ஹைன்ரிக் காரோ 1876இல் செய்த இன்னொரு சாயம், மெத்திலீன் நீலம். மலேரியாவுக்கு மருந்தாகப் பார்த்தார்கள். பிறகு சயனைடு நஞ்சுக்கே மாற்று மருந்தாகவும் பார்த்தார்கள்.*